குட்டி போடாத பணம்

டெய்லர் சாலையில் அந்த மாடிக்கு இரண்டு கதவுகள்.
ஒன்று பல் மருத்துவருடையது. மற்றதில் பலகை இல்லை.
வருகிறவர்கள் பல்வலி என்று
சொல்லிக்கொள்ளட்டும் என்பதற்காக இருக்கலாம்.
நானும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே ஏறினேன்.

நவம்பரில் காரின் கியர்பெட்டி செத்தது.
மெக்கானிக் இரண்டாயிரத்து நானூறு என்றான்.
நான்காம் வகுப்புக்கு எபிரேயம் கற்பிக்கிறேன்.
என் மூன்று பிள்ளைகளும் அதே பள்ளியில்தான்;
சம்பளத்தில் பாதி என் கைக்கு வராமலே
கட்டணமாகத் திரும்பிப் போய்விடும்.

ஸெலிக்ஸன் கண்ணாடியைத் துடைத்தார்.
முன்பு மருந்துக்கடை வைத்திருந்தவர்,
படிவத்தையும் மருந்துச்சீட்டு போலவே படித்தார்.
"எதற்காக" என்ற கட்டத்தின் மேல்
கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு
"ஜாமீன் ரெண்டு பேர்" என்றார். அவ்வளவுதான்.

மாதம் நூறு டாலர், இருபத்து நான்கு மாதம்.
படிக்கட்டில் பெருக்கினேன்.
காரில்லாமல் வீடுவரை நடக்கையில் மறுபடி பெருக்கினேன்,
எங்கோ ஒரு குட்டி ஒளிந்திருக்கும் என்று.
இரண்டாயிரத்து நானூறுதான் வந்தது.

ஜாமீன் போட்டவர்களில் ஒருவர் யோயெல் வாக்டல்,
என் வகுப்பு நாஹுமின் அப்பா.
கையெழுத்திட்டுப் பேனாவை மூடாமலே சொன்னார்:
"நாஹும் ஃபீஸுக்கு நானும் அங்கேதான் வாங்கினேன்."
அவர் வாங்கியது பள்ளிக்குப் போய்,
பள்ளியிலிருந்து எனக்கு வந்து,
என்னிடமிருந்து மறுபடி மாடியேறி,
ஒரே நூறு டாலர் தாள்தான் இந்தத் தெருவில்
செருப்புத் தேய நடக்கிறதோ என்னவோ.
வட்டி இல்லை. வட்டம் உண்டு.

ஜனவரி முடிவில்
யாத்திராகமம், இருபத்திரண்டாம் அதிகாரம்.
வட்டிக்கு எபிரேயத்தில் நெஷெக்; கடி என்று அர்த்தம்.
"யார் கடிப்பாங்க, டீச்சர்?"
பாம்பு, என்றேன். கடித்தது முதலில் தெரியாது,
பிறகு வீங்கும், உச்சந்தலை வரைக்கும்.
"உங்களைக் கடிச்சிருக்கா?" நாஹும்தான்.
கைப்பையில் கிரெடிட் கார்டு பில் இருந்தது.
"இடைவேளை" என்றேன்,
மணியடிக்க இன்னும் ஆறு நிமிடம் இருந்தும்.

அந்தக் குளிர்காலம் பள்ளியில் சம்பளம் தள்ளித் தள்ளிப் போயிற்று.
இரண்டு தவணை விட்டேன்.
பேக்கரி அருகே ஸெலிக்ஸனின் தொப்பி தெரிந்ததும்
சேறாய்க் கரைந்த பனியில் சாலையைக் கடக்கப் பாய்ந்தேன்.
அதே நொடியில் அவரும்,
முட்டிவலிக்காரர், கைத்தடியோடு,
என்னைத் தவிர்க்கக் கடந்துகொண்டிருந்தார்.
சிக்னல் மாறிவிட்டது.
நடுத்திட்டில் நாங்கள் இருவர் மட்டும்,
இரண்டு பக்கமும் பேருந்துகள்.

கட்ட முடியாதவன் கண்ணில்
கொடுத்தவன் படக்கூடாது, கூசிப்போவான்
என்று எங்கள் சட்டத்தில் இருக்கிறது.
பாடமாகவே நடத்தியிருக்கிறேன், தேர்வில் ஐந்து மதிப்பெண்.
அதற்காக ஒருவர் பனியில் தன் முட்டியைப்
பணயம் வைப்பார் என்று
குறிப்பேட்டில் எழுதிப்போட்டதில்லை.

"இன்னும் பெய்யும்" என்றார், வானத்திடம்.
"பெய்யும்" என்றேன், பேருந்திடம்.
மன்னிப்பா கேட்பது, தேதியா சொல்வது.
தரை வழுக்கியது.
குடையின் ஒரு முனையை நீட்டினேன்,
மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.
பச்சை விழுந்ததும் கடந்தோம்,
எந்தப் பக்கத்துக்கு என்று யாரும் யோசிக்கவில்லை.

மார்ச்சில் மூன்று தவணையும் சேர்த்துக் கட்டினேன்.
தாமதம் என்று ஒரு வார்த்தை ரசீதில் இல்லை.

இறங்கி வருகையில் எதிரே ஓர் இளைஞர்,
ஏழாம் வகுப்புக்குப் புதிதாய் வந்த கணக்கு ஆசிரியர்,
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.
சுவரோடு ஒண்டி வழிவிட்டேன்.
"வலது பக்கமா?" என்றேன்.
"ஆமாம், வலதுதான்" என்றார்,
இடது கன்னத்திலிருந்து கையை எடுக்காமல்.